மறு: இசையில் வரும் 'கார்ட்' (chord, பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது) – தமிழில் நாணா, கொத்தா, அடுக்கா?

> வடிவியலில் ஏற்கெனவே 'நாண்' இருக்கிறது, இசைக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் என்பேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்துக்கூட்டல் ஒன்று, வேர் வேறு. வடிவியல் சொல் கம்பி, நரம்பு என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இசைச் சொல்லோ 'அக்கார்ட்', அதாவது இணக்கம் என்பதன் குறுக்கம். பிற்காலத்தில் எழுத்தில் கலந்துபோன குழப்பத்தை நாம் ஏன் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும்? ஒலிபெயர்ப்பும் சிக்கல்தான், கார்டு என்றால் அட்டை, கோர்ட் என்றால் நீதிமன்றம்.

'சுரக்கொத்து' எனக்குப் பிடித்த சொல், சேர்ந்து ஒலிப்பது உடனே புரிகிறது. ஆனால் கொத்தில் எது எங்கே இருக்கிறது என்பது தெரியாது, ஜாஸில் மனோதர்மமாக வாசிப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதான். ஒரு சுரத்தை எடு, அடுத்ததை விடு, அதற்கடுத்ததை எடு: ச க ப நி. அடுக்குகிறோம். ஆகவே 'சுர அடுக்கு', சுருக்கமாக அடுக்கு.

ஜாஸில் ஓயாமல் வரும் 2-5-1 தொடரை, அதாவது இரண்டாம், ஐந்தாம், முதல் சுரங்களின் மேல் எழும் மூன்று அடுக்குகளை, சங்கராபரணச் சுரங்களில் (மேற்கத்திய மேஜர் ஸ்கேல்) எழுதிப் பாருங்கள்: ரி ம த ச, ப நி ரி ம, ச க ப நி. அடுக்கு தொடங்கும் அடிச்சுரத்தைப் பெரும்பாலும் தாழ்ந்த ஒலி தரும் பாஸ் வாசிப்பவர் பார்த்துக்கொள்வார். அடிச்சுரத்தை ஒன்றாக வைத்து வரிசையில் எண்ணினால் அடுக்கில் வருபவை 1, 3, 5, 7; இதில் ஐந்தாவது மூன்று அடுக்கிலும் ஒரே தொலைவில் இருப்பதால் வேறுபாடு எதையும் காட்டாது. அடுக்கின் குணம் மூன்றாவதிலும் ஏழாவதிலும்தான் இருக்கிறது. அந்தந்த அடிச்சுரத்தையே ச என்று வைத்துக்கொண்டால் முதல் அடுக்கில் சாதாரண காந்தாரமும் (தாழ்ந்த க) கைசிகி நிஷாதமும் (தாழ்ந்த நி), இரண்டாவதில் அந்தர காந்தாரமும் (உயர்ந்த க) கைசிகியும், மூன்றாவதில் அந்தரமும் காகலியும் (உயர்ந்த நி). அப்புறம் நகர்வைக் கவனியுங்கள்: முதல் மாற்றத்தில் ம அசையாமல் நிற்க, ச அரைச்சுரம் இறங்கி நி ஆகிறது; இரண்டாவதில் நி நிற்க, ம அரைச்சுரம் இறங்கி க ஆகிறது. இதை மட்டும் வாய்விட்டுப் பாடினாலே பக்கவாத்தியம் இல்லாமல் அடுக்கு மாறுவது காதில் விழும். இந்தச் சுரங்களுக்கு 'வழிச்சுரம்' என்று பெயர் வைக்கலாம்.

மற்ற சொற்களும் இதிலிருந்தே கிளைக்கின்றன: மூவடுக்கு, நாலடுக்கு, ஏழடுக்கு, அடுக்குத்தொடர், அடிச்சுரம் கீழே இல்லாவிட்டால் புரட்டடுக்கு.

---

> மூவடுக்கு, நாலடுக்கு, ஏழடுக்கு

அடுக்கு எனக்குச் சம்மதம், எண்ணில்தான் இடறுகிறது. வாசிப்பவர் முன்னுள்ள தாளில் அடுக்கின் குறியாக 7 என்று இருப்பதை நாலடுக்கு என்றும் 13 என்று இருப்பதை ஏழடுக்கு என்றும் படிக்க வேண்டியிருக்கும். பாட்டு வேகமாகப் போகும்போது புதியவர் 7ஐப் பார்த்து ஏழு சுரத்தையும் தேடுவார். எத்தனை சுரம் என்பதை விட்டுவிட்டு எதுவரை அடுக்கியது என்று சொல்லலாமே: ஏழுவரை அடுக்கு, ஒன்பதுவரை அடுக்கு, பதின்மூன்றுவரை அடுக்கு.

---

சரி, இது என்னுடையதைவிட நல்ல வழி, ஏற்றுக்கொள்கிறேன். மூவடுக்கு மட்டும் அப்படியே இருக்கட்டும், அதற்குத் தாளில் எண் எழுதுவதில்லை. இன்னும் எனக்குப் பிடிபடாதது ஒன்று: காந்தாரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மத்தியமத்தை வைக்கும் ச ம ப. எடு-விடு முறையில் அடங்காத அதை அடுக்கு என்றே சொல்லலாமா? ஆங்கிலத்தில் 'சஸ்பெண்டட்' என்பார்கள்; 'தொங்கடுக்கு' என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. வேறு தோன்றினால் எழுதுங்கள்.