கொரோனாவுக்குப் பிறகு டவுன்டவுன்: நீங்கள் கண்ட மனிதர்களைச் சொல்லுங்கள்

குசினி அண்ணன்:

கனடாவின் ரொறன்ரோ டவுன்டவுனில், ஸ்படைனா வீதியில் இருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு சின்ன உணவகம். அதன் குசினியில் பதினாறு வருடமாக நிற்கிறேன். கோப்பை கழுவத் தொடங்கி அடுப்புக்கு வந்தவன். டவுன்டவுன் எப்படி மறுபடி எழும்பியது என்று பேப்பர்களில் நிறைய எழுதிவிட்டார்கள். அதில் வராத ஆட்களைப் பற்றி இங்கே நாங்கள் எழுதலாம். நானே தொடங்குகிறேன்.

2020 மார்ச்சில் பூட்டினோம். குளிரறையில் இருந்த மரக்கறி, பால், இறைச்சி எல்லாவற்றையும் ஆளுக்கொரு பெட்டியாகப் பிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். ஏப்ரலில் வாடகைக்கு ஓர் உதவித் திட்டம் அறிவித்தார்கள். பாதியை அரசு தரும், கால்வாசியைக் கடைக்காரர் கட்ட வேண்டும், மீதிக் கால்வாசியைக் கட்டிடக்காரர் விட்டுக்கொடுக்க வேண்டும். நல்ல திட்டம்தான். ஆனால் விண்ணப்பிக்க வேண்டியவர் கட்டிடக்காரர். எங்கள் கட்டிடக்காரர் மாட்டேன் என்றுவிட்டார். முதலாளி அம்மா மே மாதம் எங்களைக் கூப்பிட்டு, "இந்த மாதத்தோடு சரி" என்றார். அன்று அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் பக்கத்துத் தையல்கடை வியட்நாமியப் பெரியவர் வந்தார். அத்தனை வருடமும் அவரோடு நான் கதைத்தது ஒரு வணக்கமும் காலநிலையும் மட்டும். வாசலுக்கு வெளியே நின்றபடி சொன்னார்: "உங்களிடம் சாப்பிட வருகிறவர்களின் காற்சட்டையைத்தான் நான் வெட்டித் தைக்கிறேன். நீங்கள் பூட்டினால் எனக்கு யார் வருவார்கள்?" அவருக்கும் அதே கட்டிடக்காரர்தான், முப்பது வருடப் பழக்கம். வரிசையில் இருந்த நாலு கடைக்காரரையும் சேர்த்துக்கொண்டு போய்க் கதைத்தார். விண்ணப்பம் கடைசிவரை போகவில்லை. ஆனால் மூன்று மாத வாடகையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கக் கட்டிடக்காரர் சம்மதித்தார். எங்கள் கடை பிழைத்தது அந்த மூன்று மாதத்தில்தான்.

ஜூன் 24 அன்று வெளியே மேசை போடலாம் என்றார்கள். எங்களுக்கு வெளியே இடம் ஏது? கோடை நடுவில் மாநகரசபையின் கஃபே டிஓ திட்டம் வந்தது. வீதியோரத்தில் கார் நிறுத்தும் பாதையை உணவகங்களுக்கு விட்டார்கள். கொங்கிறீற் தடுப்புகளையும் இறக்கிவிட்டார்கள். மற்றதெல்லாம் எங்கள் பாடு. கதிரைகள் பக்கத்துத் தேவாலயத்தின் பேஸ்மென்டில் இருந்து வந்தன. பூத்தொட்டிகளைச் செய்து தந்தவர் மேல்மாடியில் குடியிருந்த தச்சர். நாடக மேடை அமைப்பது அவர் தொழில். அரங்குகள் பூட்டிக் கிடந்ததால் அவருக்கும் வேலை இல்லை. தையல்கடைப் பெரியவரின் மனைவி அதில் செவ்வந்தி நட்டார், நடுவில் புதினாவும் வைத்தார். இரவுச் சமையலுக்கு நான் ஓடிவந்து அதில் ஒரு கை கிள்ளிக்கொண்டு போவேன்.

முதல் நாள் ஒரு மேசையும் நேரே நிற்கவில்லை. மழைநீர் ஓட வேண்டும் என்று வீதி ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும் அல்லவா, சூப் எல்லாம் ஒரு பக்கம் போய் நின்றது. தச்சர் பார்த்தார். மறுநாள் காலை ஒரு பை நிறைய மர ஆப்புகளோடு வந்தார். எந்த மேசைக்கு எது என்று ஒவ்வொன்றிலும் பென்சிலால் இலக்கம் எழுதியிருந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். ஒரு தட்டுச் சாப்பாடு மட்டும் வாங்கிக்கொண்டார்.

பாத் கடைக்காரி:

அண்ணா, வாசிக்கும்போது கண் கலங்கிவிட்டது. நான் நிலத்தடியில், பாத் நடைவழியில் சான்விச் கடையில் நின்றவள். தெரியாதவர்களுக்கு: டவுன்டவுன் கோபுரங்களுக்கு அடியில் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் கடைத்தெரு அது. மேலே அலுவலகம் இயங்கினால்தான் கீழே எங்களுக்கு வியாபாரம். பூத்தொட்டி வைக்க அங்கே வீதியும் இல்லை, மேலே யாரும் குடியிருப்பதும் இல்லை. பக்கத்தில் சாவி வெட்டுபவரும் சப்பாத்துத் தைப்பவரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். இப்போது செவ்வாய் முதல் வியாழன் வரை வரிசை நிற்கிறது, வெள்ளிக்கிழமை எங்கள் காலடிச் சத்தம் எங்களுக்கே கேட்கிறது. ஆட்கள் குடியிருக்கும் தெருதான் முதலில் எழும்பியது. நான் கண்டது அதுதான்.

மளிகைக்கடை ரவி:

ஒன்று சொல்ல வேண்டும். வணிக மேம்பாட்டுப் பகுதி, பிஐஏ என்பார்கள், அது உலகத்திலேயே முதலில் தொடங்கியது இதே ரொறன்ரோவில்தான், 1970இல் புளோர் வெஸ்ட் வில்லேஜில். அந்தப் பகுதியில் வியாபாரம் செய்யும் எல்லோரும் காசு போட்டு, விளக்கு, பூத்தொட்டி, விழா என்று செலவு செய்வது. சொந்தக் கட்டிடம் இல்லாத வாடகைக் கடைக்காரருக்கும் அதில் இடம் உண்டு. எங்கள் ஆட்கள் பலர் வாடகையோடு சேர்த்து அந்தக் காசைக் கட்டிவிட்டுக் கூட்டத்துக்குப் போவதில்லை. நானும் கொரோனா வரும்வரை போனதில்லை. தயவுசெய்து போங்கள்.

அப்பாவின் மகள்:

எல்லாம் சரி, ஆனால் என் அப்பா சக்கர நாற்காலியில் இருக்கிறார். அந்தக் கோடையில் டவுன்டவுனில் அவரைக் கூட்டிக்கொண்டு நடப்பது பெரும்பாடு. நடைபாதையில் விளம்பரப் பலகை, பூத்தொட்டி, சைக்கிள், உணவு எடுத்துப்போக நிற்கிறவர்கள். மூன்று இடத்தில் திரும்பி வந்தோம். ஊர் ஒன்றுகூடியது என்கிறீர்கள், அந்த ஊரில் அப்பா இல்லை.

குசினி அண்ணன்:

தங்கச்சி, நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. எங்கள் கடையிலும் அதே பிழை நடந்தது. சக்கர நாற்காலியில் வந்த ஓர் அம்மா வாசலில் நின்று, "இதற்குள் நான் எப்படி வருவது?" என்று கேட்டார். குசினியில் இருந்து வெளியே வந்து பார்த்தேன். நாங்கள் ஆசையாக வைத்த பூத்தொட்டிதான் வழியை மறித்துக்கொண்டு நின்றது. உடனே நகர்த்தினோம். நடைபாதையில் இருந்து வீதிக்கு இறங்கும் சரிவுப் பலகையைத் தச்சர் இரண்டு முறை கழற்றி, நீளமாக்கி, சரிவைக் குறைத்தார். அந்த அம்மாவே மறுபடி வந்து ஏறி இறங்கிப் பார்த்தார், இரண்டாவது முறைதான் சரி என்றார். முதலிலேயே அவரைக் கேட்டிருக்க வேண்டும்.

2020 அக்டோபர் 10 முதல் அடுத்த ஜூலை 16 வரை உள்ளே யாரையும் இருத்திச் சாப்பாடு போட முடியவில்லை. அந்த ஒன்பது மாதமும் பெட்டியில் கட்டிக் கொடுத்தே ஓட்டினோம். பிறகு 2023இல் வீதியோர இடத்துக்குக் கட்டணமும் வந்தது, முதலாளி அம்மா கணக்குப் பார்த்துவிட்டுக் கட்டினார். தையல்கடையை இப்போது மகள் நடத்துகிறாள். தச்சர் வேலைக்குப் போய்விட்டார், அரங்குகள் திறந்துவிட்டன. ஆப்புகள் குசினி லாச்சியில் இருக்கின்றன. ஏழாம் இலக்கம் மட்டும் தொலைந்துவிட்டது, அதற்கு நானே ஒன்று செதுக்கிவைத்திருக்கிறேன்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வருவதற்கு முன் ஒரு செய்தி போடுங்கள், வாசலில் நிற்பேன்.