மூசாங் பெர்ஜாங்குட் (1959): ‘பெத்தினா’, ‘பெரம்புவான்’ இரண்டையும் தமிழில் எப்படிப் பிரிப்பது?

ஓலைக்கிளி எழுதியது:

வணக்கம். பி. ரம்லி இயக்கி நடித்த ‘மூசாங் பெர்ஜாங்குட்’ படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதும் வேலை நடக்கிறது. பார்க்கப்போகிறவர்களில் பாதிப் பேருக்கு மலாய் தெரியாது. நான்கு இடங்களில் சிக்கல்.

1. படத்தின் நாயகன் துன் நீலா உத்தாமா சுல்தானிடம் சொல்லும் வசனம். இந்த நாட்டில் ‘பெரம்புவான்’ யாரும் இல்லை, எல்லாம் ‘பெத்தினா’தான் என்கிறான். இரண்டுக்கும் அகராதியில் ‘பெண்’ என்றே இருக்கிறது. ‘பெண்கள் இல்லை, பெண்கள்தான் இருக்கிறார்கள்’ என்று எழுதினால் யார் சிரிப்பார்?

2. படத்தின் பெயர். ‘தாடி வைத்த கீரி’ என்று ஒருவர் சொல்கிறார், ‘தாடிப் பூனை’ என்று இன்னொருவர்.

3. அரண்மனைப் பேச்சு. பேத்தா, பாத்தேக், துவாங்கு என்று வரும் சொற்களை அப்படியே விடலாமா?

4. சப்டைட்டில் முதல் பத்து நிமிடம் சரியாக ஓடுகிறது. போகப்போக உதட்டசைவுக்குப் பின்தங்கி, கடைசியில் நிமிடக்கணக்கில் தள்ளிப்போகிறது.

இன்னொன்று: பாக் பெலாலாங், பாக் கடோக் கதைகளோடு இதுவும் ‘செரித்தா ஜெனாக்கா’ என்ற மலாய் நகைச்சுவைக் கதைத் தொகுப்பில் உள்ள கதை என்று அறிமுகக் குறிப்பில் போடலாமா?

---

பெட்டிச்சாவி எழுதியது:

முதல் கேள்விதான் முக்கியம். அந்த வசனம் சரியாக விழாவிட்டால் மீதிப் படத்துக்குக் காரணமே இல்லை. அவன் அரண்மனையை விட்டுக் கிளம்புவது, அரிசி மூட்டையோடு பெண் தேடி வீடு வீடாகப் போவது, கடைசியில் நாயகி புஸ்பாவாங்கியைக் கண்டுபிடிப்பது எல்லாம் இந்த ஒரு சொல்லில் தொங்குகின்றன.

மலாயில் லெலாக்கி, பெரம்புவான் என்பது மனிதருக்கு. ஜந்தான், பெத்தினா என்பது ஆடு மாடு கோழிக்கு. மனிதரைப் பார்த்து ‘பெத்தினா’ என்றால் அது வசவு. அதாவது இது பால் வேறுபாடு இல்லை, திணை வேறுபாடு. துன் நீலா உத்தாமா ஒரு நாட்டின் பெண்கள் அத்தனை பேரையும் அஃறிணையில் தள்ளிவிடுகிறான். சுல்தானுக்குக் கோபம் வருவது அதனால்தான்.

தமிழில் கைவசம் இருக்கும் சொல் ‘பெட்டை’. தொல்காப்பிய மரபியலிலேயே ஒட்டகம், குதிரை, கழுதை, மரை இவற்றின் பெண்ணுக்குப் பெட்டை என்ற பெயர் உண்டு. இன்றைக்கும் பெட்டைக் கோழி, பெட்டை நாய் என்கிறோம். எனவே:

‘இந்நாட்டில் பெட்டைகள் உண்டு, அரசே.
பெண் ஒருத்திகூட இல்லை.’

பெட்டை முதலில், பெண் பிறகு. வரிசையை மாற்றாதீர்கள். ‘பெண் இல்லை’ என்று முடிந்தால்தான் அடுத்த வெட்டில் வரும் சுல்தானின் முகத்துக்குப் பொருந்தும். பெட்டைக்குப் பன்மை, பெண்ணுக்கு ஒருமை, அதுவும் வேண்டுமென்றே.

பேச்சு வழக்கு வேண்டுமென்று ‘பொட்டை’ என்று எழுதிவிடாதீர்கள். அந்த வடிவம் இன்று வேறு ஆட்களைப் புண்படுத்தும் வசவாகிவிட்டது, படத்தின் சண்டை அது இல்லை. ‘மகளிர்’, ‘வனிதையர்’ என்று அழகுபடுத்துவதும் வேண்டாம். வனிதை என்ற சொல்லுக்கு உறவான ‘வனித்தா’ மலாயில் தனியாக இருக்கிறது. வசனத்தில் அவன் சொல்வது பெரம்புவான்.

---

பனையோலை எழுதியது:

பெட்டிச்சாவி சொல்லுற திணை விளக்கம் சரி. ஆனா ‘பெட்டை’ எண்டா யாழ்ப்பாணத்தில சும்மா ஒரு இளம்பிள்ளை. ‘அந்தப் பெட்டை நல்லாப் படிக்கும்’ எண்டு தாய் தகப்பனே சொல்லுவினம். பார்க்க வாற ஆக்களில ஈழத்துக் குடும்பங்கள் இருந்தா, ‘பெட்டையள் இருக்கினம், பெண் இல்லை’ எண்டது ‘குமரிப் பிள்ளையள்தான் இருக்கினம், வயசு வந்தவை இல்லை’ எண்ட மாதிரி விளங்கும். அது முழுக்க வேற பகிடி.

‘பெண்பால்’ எண்டு போட்டுப் பாக்கலாமே? ‘பெண்பால் உண்டு, பெண் இல்லை.’

---

பெட்டிச்சாவி எழுதியது:

‘பெண்பால்’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இலக்கணம் காலை வாரிவிடும். தமிழில் ஆண்பால், பெண்பால், பலர்பால் மூன்றும் உயர்திணைக்கு உரியவை. அஃறிணைக்கு ஒன்றன்பாலும் பலவின்பாலும் மட்டுமே. கோழியும் பசுவும் நம் இலக்கணப்படி பெண்பால் ஆகாது. இழித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் உயர்த்திச் சொன்னதாக ஆகிவிடும்.

யாழ்ப்பாண வழக்கைப் பற்றிச் சொன்னது நியாயம், அது என் கணக்கில் இல்லை. அப்படியானால் விலங்கு என்பதை வரியிலேயே தெளிவாக்கிவிடலாம்:

‘மாடும் கோழியும் போல் பெட்டைகள் உண்டு.
பெண் ஒருத்திகூட இல்லை, அரசே.’

மூலத்தில் மாடு கோழி இல்லைதான். ஆனால் ‘பெத்தினா’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அந்தத் தொழுவம் முழுவதும் இருக்கிறது. மலாய்க்காரர் காதில் விழுவதை எழுதுகிறோம், அவ்வளவுதான்.

---

பனையோலை எழுதியது:

ஓம், இது விளங்கும். ஒரு வரி கூடினாலும் பரவாயில்லை.

---

நாழிநெல் எழுதியது:

அறிமுகக் குறிப்புக்கு ஒரு திருத்தம். வின்ஸ்டெட் பதிப்பித்த ‘செரித்தா ஜெனாக்கா’வில் இருப்பவை ஐந்து: பாக் கடோக், பாக் பண்டீர், லெபாய் மாலாங், பாக் பெலாலாங், சி லுஞ்சாய். மூசாங் பெர்ஜாங்குட் அவற்றில் இல்லை. அது தனியாக வழங்கிய நாட்டுப்புறக் கதை. அதே 1959இல் ரம்லி எடுத்த ‘நுஜும் பாக் பெலாலாங்’தான் அந்தத் தொகுப்பில் உள்ள ஒரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்ட படம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதால் வரும் குழப்பம் இது. இரண்டும் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் இருந்த மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸில் உருவானவை, இரண்டிலும் அகமட் நிஸ்ஃபு சுல்தான். குழம்பாமல் என்ன செய்யும்!

இந்தக் கதையின் இரண்டு பாதிகளும் நமக்குப் பழக்கமானவை என்பதையும் குறிப்பில் சேர்க்கலாம்.

முதல் பாதி அரிசி மூட்டைச் சோதனை. தண்டி வடமொழியில் எழுதிய தசகுமார சரிதத்தில் காஞ்சிபுரத்து வணிகன் மகன் சக்திகுமாரன் ஒரு பிரஸ்தம் (பழைய முகத்தல் அளவு) நெல்லை முந்தானையில் முடிந்துகொண்டு, ‘இதை வைத்தே எனக்கு முழுச் சாப்பாடு போட முடியுமா?’ என்று கேட்டபடி பெண் தேடுகிறான். எல்லோரும் சிரித்து விரட்டுகிறார்கள். காவிரியின் தென்கரையில் கோமினி என்பவள் ஒப்புக்கொள்கிறாள். உமி நொறுங்காமல் நெல்லைப் பிரித்து, அந்த உமியை நகை மெருகிடப் பொற்கொல்லரிடம் விற்கச் செய்து, கிடைத்த காசில் விறகும் பானையும் வாங்குகிறாள். சோறு வெந்ததும் கொள்ளியை அணைத்துக் கரியாக்கி, அதையும் விற்றுக் காய், நெய், தயிர், புளி வாங்குகிறாள்.

படத்தில் சோதனை வேறு மாதிரி. அரிசியோடு சமையல் சாமான் எல்லாம் ஒரே மூட்டையில் கலந்து கிடக்கும். புஸ்பாவாங்கி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துத்தான் சமைக்கிறாள். கோமினியிடம் சோதிக்கப்படுவது சிக்கனம், புஸ்பாவாங்கியிடம் பொறுமை. அதனால் அந்தக் காட்சியில் சாமான்களின் பெயர் வரும்போது ‘மசாலாப் பொருட்கள்’ என்று சுருக்கக் கூடாது. எத்தனை வகை என்று பார்ப்பவருக்குத் தெரிந்தால்தான் பிரிக்கும் பாடு புரியும். மற்ற வீடுகளில் விழும் திட்டுகளைச் சுருக்கினால் பாதகமில்லை; முகமே சொல்லிவிடும்.

இரண்டாம் பாதி, ஆசை பிடித்து வரும் பெரிய மனிதர்களை ஒருத்தி வீட்டுக்குள் மடக்குவது. கதாசரித் சாகரம் என்ற வடமொழிக் கதைத் தொகுப்பில் வரருசியின் மனைவி உபகோசை இதையே செய்கிறாள். கணவன் தவத்துக்குப் போயிருக்கிறான். அமைச்சன், புரோகிதன், தண்டாதிகாரி மூவரையும் இரவில் யாமத்துக்கு ஒருவராக வரச் சொல்லி, இருட்டில் எண்ணெயோடு மையைப் பூசவைத்து, ஒரே பெட்டிக்குள் பூட்டுகிறாள். மறுநாள் அரசன் நந்தன் சபையில் பெட்டி திறக்கிறது. படத்திலோ பெட்டிக்குள் சுல்தானே மாட்டுகிறார். நீதி சொல்ல வேண்டியவனே பெட்டிக்குள் இருந்தால் யார் முன்னால் திறப்பது? அரண்மனைக்கே தூக்கிப்போய், ராணி பார்க்கத் திறப்பதுதான் மலாய்க் கதையின் சாமர்த்தியம். எனக்கு உபகோசையைவிட இதுதான் பிடிக்கும்.

அந்தப் பெட்டிக்கு மலாயிலும் ‘பெத்தி’. நம் பெட்டிதான் கப்பல் ஏறிப்போனது. ‘பேழை’, ‘மரப்பெட்டகம்’ எல்லாம் வேண்டாம். நடிகர் ‘பெத்தி’ என்று சொல்லும்போதே திரையில் ‘பெட்டி’ என்று வந்தால் மலாய் தெரியாதவருக்கும் காது விழித்துக்கொள்ளும்.

படத்தின் பெயருக்கு வருகிறேன். மூசாங் கீரி இல்லை, பூனையும் இல்லை. அது மரநாய். இரவில் வந்து கோழி பிடிக்கும். மலாயில் ‘கோழி இறகு போர்த்திய மூசாங்’ என்று ஒரு பழமொழி, நம்முடைய பசுத்தோல் போர்த்திய புலிக்குச் சமம். கோழித் திருடன் என்ற பொருள் அந்தப் பெயருக்குள் ஏற்கெனவே இருக்கிறது. தாடி ஒட்டினால் வயதும் பதவியும் சேர்ந்துகொள்கின்றன. ‘தாடிக்கார மரநாய்’ என்று போடுங்கள். ‘புனுகுப் பூனை’ என்றால் வாசனைத் திரவியம் ஞாபகம் வந்து கெடுத்துவிடும். சுல்தானின் போலி நோய்க்கு இந்த இல்லாத மிருகம்தான் மருந்து என்று துன் நீலா உத்தாமாவை ஊரை விட்டு அனுப்புகிறார்கள். அந்த இடத்தில் ‘தாடி’ என்ற சொல் தவறாமல் வர வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் சுல்தான்தான் அந்தத் தாடிக்கார மரநாய் என்பது அப்போதுதான் விளங்கும். இல்லாவிட்டால் பெட்டி திறக்கும் காட்சியில் வெடி நமத்துப்போகும்.

---

கொலுமண்டபம் எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு. அப்படியே விடாதீர்கள், எல்லாவற்றையும் சாதாரணத் தமிழாக்கவும் வேண்டாம்.

மலாய் அரசவையில் சொல்லே தனி. சுல்தான் தன்னை ‘பேத்தா’ என்பார், அவர் முன் நிற்பவர் தன்னை ‘பாத்தேக்’ என்பார். தமிழில் ‘நாம்’, ‘அடியேன்’ போதும். துவாங்குக்கு ‘அரசே’. சுல்தான் சாப்பிட்டால் ‘சந்தாப்’, தூங்கினால் ‘பெராடு’, நோய் வந்தால் ‘கெரிங்’. நமக்கும் அமுது செய்தல், துயில் கொள்ளல் என்று இருப்பதால் சிரமமில்லை. இந்தப் படத்தில் ‘கெரிங்’ மட்டும் கவனம். வருவது பொய் நோய் என்பதால், வார்த்தை எவ்வளவு பகட்டாக இருக்கிறதோ அவ்வளவு சிரிப்பு. ‘உடம்பு சரியில்லை’ என்றால் செத்துவிடும். ‘அரசருக்குத் திருமேனி நலமில்லை’ என்று எழுதுங்கள்.

சபையில் திரும்பத் திரும்ப வரும் ‘அம்புன் துவாங்கு, பெரிபு-ரிபு அம்புன்’ வெறும் வாய்ப்பாடு. ‘ஆயிரமாயிரம் மன்னிப்பு’ என்று ஒவ்வொரு தடவையும் மொழிபெயர்த்தால் எல்லோரும் ஏதோ குற்றம் செய்தவர்கள் போல ஆகிவிடும். முதல் தடவை ‘அரசே, பிழை பொறுத்தருள்க’. அடுத்தடுத்து ‘அரசே’ மட்டும்.

பதவிப் பெயர்களில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘பெண்டஹாரா’ பண்டாரம் என்ற சொல்லோடு உறவுடையது என்று பொருளாளர் ஆக்கிவிடாதீர்கள். இன்றைய மலாயில் சங்கப் பொருளாளருக்குப் ‘பெண்டஹாரி’ என்று வேறு சொல் இருக்கிறது. பெண்டஹாரா அரசனுக்கு அடுத்த ஆள். ‘முதலமைச்சர்’ என்று போட்டால் சட்டமன்றம் கண்முன் வரும், ‘பேரமைச்சர்’ எழுதலாம். நாட்டின் பெயர் பூரா செண்டானா என்பது புரமும் சந்தனமும்தான், ‘சந்தனபுரம்’ என்று ஒருமுறை காட்டினால் அழகு. ஆனால் ஆள் பெயர்களை நீல உத்தமன், புஷ்பவல்லி என்று தமிழாக்க வேண்டாம். சிங்கப்பூரைக் கண்ட நீல உத்தமன் வேறு, இவன் வேறு. பெயர் ஒற்றுமையைப் பார்த்து இதைச் சரித்திரப் படம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

---

நொடிமுள் எழுதியது:

நாலாவது. கொஞ்சம் கொஞ்சமா விலகுதா, ஒரே இடத்துல திடீர்னு குதிக்குதான்னு முதல்ல பாருங்க. மருந்து வேற வேற.

கொஞ்சம் கொஞ்சமான்னா பிரேம் வேகம். படம் நொடிக்கு 24 பிரேம். பழைய டிவி ஒளிபரப்புல இருந்து எடுத்த பிரதி 25ல ஓடும். 100 நிமிஷப் படம் 96 நிமிஷத்துல முடிஞ்சிரும். நீங்க 24 பிரதிய வச்சு நேரம் குறிச்சு, 25 பிரதியில ஓட்டினா, கடைசி வசனம் கிட்டத்தட்ட 4 நிமிஷம் லேட்டா வரும். எல்லா நேரத்தையும் 0.96ஆல பெருக்கணும். சப்டைட்டில் எடிட் மென்பொருள்ல ஆரம்பத்துல ஒரு வசனம், கடைசியில ஒரு வசனம் ரெண்டையும் படத்தோட பொருத்திட்டா நடுவுல இருக்கறது தானா சரியாகும்.

திடீர் குதின்னா பிரதியில ஒரு துண்டு காணோம். பெருக்கினா இன்னும் கெடும். குதிக்கிற இடத்துக்கு அப்புறம் உள்ளதை மட்டும் மொத்தமா நகர்த்துங்க.

இன்னொரு விஷயம், பல பேர் தடுக்கி விழற இடம். வரிக்கு 42 குறின்னு வச்ச எல்லை ஆங்கிலத்துக்கு. மென்பொருள் புள்ளி, கொம்பு எல்லாத்தையும் தனியா எண்ணும். ‘பெண்’ நமக்கு 2 எழுத்து, அதுக்கு 4. ‘பெட்டை’ 3 எழுத்து, அதுக்கு 6. எல்லை தாண்டுச்சுன்னு சிவப்பா காட்டினா பயந்து வசனத்தை வெட்டாதீங்க, திரையில அகலம் பாருங்க. ரெண்டு வரிக்கு மேல வேண்டாம். சேமிக்கும்போது யூடிஎஃப்-8, இல்லன்னா முழுக்கக் கேள்விக்குறியா வரும்.

---

ஓலைக்கிளி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. விலகல் படிப்படியாகத்தான் இருந்தது, 0.96 போட்டதும் கடைசிக் காட்சி வரை பொருந்துகிறது. ‘பேரமைச்சர்’, ‘திருமேனி நலமில்லை’, ‘தாடிக்கார மரநாய்’ மூன்றும் ஏறிவிட்டன. மாடு கோழி வரிதான் இரண்டு வரிக்குள் அடங்கினாலும் திரையில் 2 நொடிதான் நிற்கிறது. படித்து முடிக்க முடியவில்லை.

---

நொடிமுள் எழுதியது:

அவன் பேசி முடிச்சதும் சுல்தான் அடுத்து வாயைத் திறக்கிற வரைக்கும் இடைவெளி இருந்தா, வரியை அதுக்குள்ள நீட்டுங்க. பேச்சு முடிஞ்சதும் அணையணும்னு கட்டாயம் இல்ல. அப்பவும் போதலன்னா ‘அரசே’வை எடுங்க, முந்தின வரியிலயே அரசே வந்திருக்கும்.

---

பெட்டிச்சாவி எழுதியது:

‘அரசே’ போகட்டும், ‘ஒருத்திகூட’ இருக்கட்டும்.