லேப்டாப்பில் ஓடும் வீடியோ கிளவுடில் ஏன் விழுகிறது?

கல்யாண வீடியோ தளம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன். விருந்தினர்கள் போனில் எடுத்து ஏற்றும் எம்பி4 கோப்பை 720பி ஆக்க வேண்டும். கிளவுடில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் காசு என்பதால் முதலில் லேப்டாப்பிலேயே சோதித்தேன்: உபுண்டு 22.04, புரோகிராமைத் தனிப் பெட்டிக்குள் ஓட்ட டாக்கர், வீடியோவை மாற்ற எஃப்எஃப்எம்பெக், கிளவுட் ஸ்டோரேஜுக்குப் பதிலாக லேப்டாப்பிலேயே ஓடும் மினியோ. பத்து நாளாக ஒரு குறையும் இல்லை.

திங்கட்கிழமை கிளவுடுக்கு ஏற்றினேன். போன் வீடியோ எல்லாம் "மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்" என்று விழுகிறது. வித்தியாசம் ஒன்றுதான். இங்கே மினியோவிலிருந்து டிஸ்கில் இறக்கிப் படித்தேன். அங்கே கோப்பு டிஸ்கில் இறங்காமல் பைப் வழியாக, முன்னிருந்து பின்னாக ஓடி வருகிறது. மூவ் ஆட்டம் என்பது கோப்பில் எது எங்கே என்று சொல்லும் அட்டவணை; இந்தப் போன் வீடியோக்களில் அது கோப்பின் கடைசியில் இருக்கிறது, பைப்பில் தாவிப் போய்ப் பார்க்க வழியில்லை. அதுவரை புரிகிறது.

அட்டவணையை முன்னால் கொண்டுவரும் ஃபாஸ்ட்ஸ்டார்ட் போட்டு மாற்றிய கோப்பு ஓடுகிறது, ஆனால் பந்தியில் உட்கார்ந்திருப்பவரிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? தொடக்கத்தில் எவ்வளவு படித்துப் பார்ப்பது என்ற அளவான ப்ரோப்சைஸை ஏற்றினேன், பலனில்லை. முழுதாக இறக்கலாம் என்றால் தற்காலிக இடம் 512 எம்பிதான். தாலி கட்டும் வீடியோ ஒன்றே 900 எம்பி!

கோப்பைப் படிக்கக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் அனுமதி தரும் ப்ரீசைன்ட் யூஆர்எல்லை நேரடியாக எஃப்எஃப்எம்பெக்குக்குக் கொடுத்து, தேவையான பகுதியை மட்டும் தாவிப் படிக்கிறதா என்று மினியோவிலேயே சோதித்தவர்கள் யாராவது உண்டா?