புதுப்பிப்பு: டேரியஸ் இழுத்ததும் கியூ ஏன் வீணாகிறது?

லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் வீடியோ கேமில் கோடரி வீரன் டேரியஸ் பற்றிய முந்தைய இழையில் பலர் கேட்டது: ஈ-யில் (எதிராளியை இழுக்கும் திறன்) இழுத்த கையோடு கியூ (கோடரியைச் சுழற்றும் திறன்) சுற்றினால் ஹெல்த் ஏறவில்லையே?

இழுபட்டவர் காலடியில் வந்து விழுவதால் கோடரியின் பிடிதான் படுகிறது. பிடிக்கு 35% டேமேஜ்தான். ஹீலும் (ஹெல்த் ஏற்றம்) இல்லை, ரத்தக்கசிவு ஸ்டாக்கும் (அடிபட்டவர் மேல் 5 வரை சேரும் அடுக்கு) ஏறாது.

இழுத்ததும் ஒரு சாதா அடி, உடனே டபிள்யூ (வலுவான அடி). அது அடியை ரீசெட் செய்து, அதாவது அடுத்த அடிக்கான காத்திருப்பை நீக்கி, 1 விநாடிக்கு 90% ஸ்லோ தரும். அடுத்து கியூ. கோடரி சுழல 0.75 விநாடி ஆகும். அதற்குள் பின்னால் ஓரெட்டு வையுங்கள், கோடரியின் விளிம்பு படும், ஹெல்த் ஏறும். சுழற்றும்போதும் நடக்கலாம், பலர் சிலைபோல நிற்கிறார்கள்.

5 ஸ்டாக்கில் ஆர் (முடித்துக்கட்டும் அடி) இரட்டிப்பாக இறங்கும். ஆனால் எதிராளியிடம் ஃப்ளாஷ் (சட்டெனத் தாவித் தப்பும் திறன்) இருந்து, 4 ஸ்டாக்கிலேயே சாவார் என்றால் காத்திருக்காதீர்கள்.