மறு: ஸ்ட்ரீமிங் பார்சருக்கு என்ன சொல்லு? "ஓடை வாசிப்பி" போதுமா?

எல்லாருக்கும் வணக்கம்.

பெரிய பைலை முழுசாத் திறக்காம, வரவரக் கொஞ்சம் கொஞ்சமா வாசிக்கிற ஸ்ட்ரீமிங் பார்சிங்குக்குத் தமிழ்ச் சொல்லாக் கல்முனை அண்ணன் "ஓடை வாசிப்பு" என்டு போட்டிருந்தீங்க, ரெண்டு நாளா யோசிச்சன், சொல்லு வடிவாத்தான் கிடக்கு, ஆனா வேலையில பாதியைத்தான் சொல்லுது. டேட்டா ஓடி வாறது சரி, வந்ததில தேவையானதை எடுத்துட்டு மிச்சத்தைக் கொட்டுறதெல்லோ முக்கியம், அது இதுல இல்ல. வீடியோ ஸ்ட்ரீமிங்குக்கும் ஓடையத்தான் எடுப்பாங்க, மறுகா படிக்கிற பிள்ளையள் குழம்பும்.

எனக்கு நடந்ததைச் சொல்றன். தமிழ் விக்கிப்பீடியாட எக்ஸ்எம்எல் டம்ப் பைலை (கட்டுரையெல்லாம் குறிச்சொல்லுப் போட்டு ஒண்டாக் கிடக்கிற பெரிய பைல்) இறக்கி, மட்டக்களப்புக் கட்டுரையள மட்டும் பிரிச்செடுப்பம் என்டு டொம் முறையில திறந்தன். அது முழுப் பைலையும் மரமாக் கட்டி மெமறியில வைக்கும், கொப்பு கிளை எல்லாத்துக்கும் தனித்தனி இடம் வேணும், 4 ஜிபி லப்டொப் அப்பிடியே உறைஞ்சு போச்சு. மறுகா பைத்தன் நிரல்மொழியில துண்டு துண்டா வாசிக்கிற இற்றர்பார்ஸுக்கு மாறினன், அதுலயும் பிழை விட்டன், ஒவ்வொரு பக்கமும் முடிய கிளியர் பண்ணல்ல. இற்றர்பார்ஸ் துண்டு துண்டாத் தந்தாலும் பின்னால மரத்தைக் கட்டிக்கிட்டேதான் போகும், பாத்து முடிஞ்சதை நாமதான் கொட்டணும், வேரையும் சேத்துக் கிளியர் பண்ணாட்டி வெறும் கோது சேந்து சேந்து மெமறி ஏறும்.

அப்பதான் அம்மம்மா நெல்லுப் புடைக்கிறது ஞாபகம் வந்திச்சு. படுவான்கரையில இருந்து நெல்லு வந்தா மூட்டையோட சுளகுல கொட்டமாட்டா, ஒரு அள்ளு போடுவா, புடைப்பா, சப்பி பறக்கும், மணி நிக்கும், மறுகா அடுத்த அள்ளு. எத்தனை மூட்டையெண்டாலும் அந்தச் சின்னச் சுளகு போதும். இந்த வாசிப்பும் இதேதான், அதால "புடைவாசிப்பு" என்டு வைப்பம், செய்யிற நிரல் "புடைவாசிப்பி", டொம்முக்கு "மரவாசிப்பு".

அக்கரைப்பற்றுத் தம்பி "தூற்றுவாசிப்பு" கேட்டீங்க. தூத்துறது காத்துப் பாத்து மொத்தமாச் செய்யிற வேலை, பழி சொல்ற பொருளும் ஒட்டும். புடைக்கு வீக்கம் என்ட பொருளும் இரிக்கிதான், வாசிப்போட சேரக்குள்ள அது வராது.

இப்பிடி வாசிக்கிற முறையிலயும் ரெண்டு வகை இரிக்கி, சாக்ஸ் என்டது டேட்டாவைத் தானே தள்ளிக்கிட்டு வரும், ஸ்டாக்ஸ் நாம கேட்டாத்தான் தரும், அதால "தள்ளு புடைவாசிப்பு", "இழு புடைவாசிப்பு". சாக்ஸே 1998 மே மாசம் எக்ஸ்எம்எல்-டெவ் மடற்குழுவில இப்பிடிக் கதைச்சுக் கதைச்சு வந்ததுதான்.

எக்ஸ்எம்எல்லுக்குள்ள தேவையானது எங்க கிடக்கு என்டு வழி காட்டி எழுதுற எக்ஸ்பாத்துக்கு "வழிக்கோவை" எனக்குப் புடிச்சிரிக்கி, கணக்குப் பாடத்துல கோவை என்டு படிச்ச பிள்ளைக்கு விளக்கவே தேவல்ல. ஆனா விக்கி டம்ப்புல வெறுமன பேஜ் என்டு தேடினா ஒண்டும் வராது, அந்தக் குறிச்சொல்லு எந்தத் தொகுதியைச் சேந்தது என்டு காட்டுற நேம்ஸ்பேஸையும் சேத்துக் குடுக்கணும். நான் ஒரு பின்னேரம் முழுக்க இதுல நிண்டன். அந்த நேம்ஸ்பேஸுக்கு "பெயர்வெளி" என்டு எழுதுறாங்க, எனக்கு மனசு ஒப்பல்ல. ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா ஊரைச் சேத்துச் சொல்றமே, அதைக் காட்டுற சொல்லு ஒண்டு வேணும், அண்ணன்மார் பாத்துச் சொல்லுங்க.