டின் பால் பாலா? எம்.சி.ஓ. பொட்டலம் பற்றி ஒரு கேள்வி

பிறை அக்கா:
கொரோனாவுக்காக மலேசியாவில் போட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு (எம்.சி.ஓ.) காலத்தைப் பற்றி நேற்று வேறொரு இழையில் செந்தூல்காரன் எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. "எம்.சி.ஓ. காலத்தில் நம்ம ஆட்கள் யாரும் பட்டினி கிடக்கவில்லை, வீட்டுக்கு வீடு அரிசி, மீகூன் (அரிசிச் சேமியா), சார்டின் (டின் மீன்), பால் எல்லாம் கொடுத்தோம், நாளைக்கே வேறு கிருமி வந்தாலும் இதே ஏற்பாடு போதும்" என்கிறார். என்ன பால் கொடுத்தீர்கள் தம்பி? டின் பால், கோப்பியில் ஊற்றும் அந்த இனிப்புக் கெட்டிப் பால். அது பாலா? 2020 ஏப்ரலில் எங்கள் அடுக்குமாடிக்கும் அப்படி ஒரு பொட்டலம் வந்தது. பக்கத்து வீட்டில் இரண்டரை வயதுப் பையன். அவன் அம்மா சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறவர், மார்ச் 18 தொடங்கி வேலை இல்லை. பால்மாவு தீர்ந்ததும் அந்த டின்னில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டு, எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி வைத்து, சுடுதண்ணீரில் இரண்டு கரண்டி கலக்கிப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தார். மாதக்கணக்கில் அதுதான். முன்பல் நான்கும் கறுத்துப் போனது. பட்டினி இல்லையாம்!

செந்தூல்காரன்:
அக்கா, நான் எழுதியது பத்து வரி, நீங்கள் பிடித்துக்கொண்டது ஒரே சொல். அப்போது நிலைமை என்ன என்று மறந்துவிட்டதா? வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே போகலாம், அதுவும் 10 கிலோமீட்டருக்குள். மார்ச் 29 அன்று, தொண்டு அமைப்புகள் நேரடியாக உணவு கொடுக்கக் கூடாது, சமூகநல இலாகாவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அமைச்சரே அறிவித்துவிட்டார். அப்புறமும் கடிதம் வாங்கி, சாலைத் தடுப்பில் ஒவ்வொரு முறையும் நின்று விளக்கம் சொல்லி, நாங்கள் ஆறு பேர் சொந்த வேனில் ஓடினோம். குளிர்பெட்டி இல்லாத வேனில் நல்ல பாலை எப்படிக் கொண்டு போவது? டின் பால் கெட்டுப்போகாது. பால் பால்தான்.

பத்துமலை வாத்தியார்:
பால் பால்தான் என்பது சரியில்லை. கடையில் நாம் டின் பால் என்று வாங்குவதில் நிறைய டின்கள் பாலே இல்லை, கிரீமர். பாமாயில், சர்க்கரை, கொஞ்சம் பால்தூள். உண்மையான டின் பாலிலும் கிட்டத்தட்ட பாதி சர்க்கரைதான். கைக்குழந்தைக்கு ஏற்றதல்ல என்று டின்னிலேயே போட்டிருக்கும், ஆனால் அந்த எழுத்து எறும்பு அளவு. விஷயம் பெரியது. 2020இல் உலகத்தில் 72 கோடியிலிருந்து 81 கோடி பேர் வரை பசியில் இருந்ததாக ஐ.நா. அமைப்புகள் மறு ஆண்டு கணக்குக் கொடுத்தன. அந்தக் கோணத்தில்...

பிறை அக்கா:
வாத்தியாரே, உலகத்துக்கு அப்புறம் போகலாம். என் கேள்வி ஒன்றுதான். டின் பால் பாலா?

ஆயர் ஈத்தாம் பையன்:
நான் ஒன்று சொல்லவா? அதே மார்ச்சில் கேமரன் மலையில் விவசாயிகள் காய்கறியைக் குவியல் குவியலாகக் கொட்டினார்கள். பாசார் (சந்தை) பாதி மூடிக் கிடந்தது, ஹோட்டலும் சாப்பாட்டுக் கடையும் வாங்கவில்லை, லாரி ஓட்டம் தடுமாறியது. அங்கே முட்டைக்கோஸ் அழுகியது, இங்கே அடுக்குமாடியில் மீகூனும் சார்டினும். உணவு இல்லாமல் இல்லை. மலையிலிருந்து நம் சட்டிக்கு வரும் வழிதான் அறுந்தது. செந்தூல் அண்ணே அதைக் கேட்டிருந்தால் ஒரு லாரி கீரையாவது...

செந்தூல்காரன்:
தம்பி, அப்போது உனக்கு வயது என்ன? லாரி வாடகை யார் கொடுப்பது? ஏப்ரலில் செலாயாங் மொத்தச் சந்தைப் பகுதியையே முள்கம்பி போட்டு அடைத்துவிட்டார்கள். கீரை எங்கே போய் இறக்குவது? பினாங்கில் உட்கார்ந்துகொண்டு கோலாலம்பூருக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

பிறை அக்கா:
பினாங்கைப் பற்றிப் பேச வேண்டாம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வந்து எங்கள் பந்தலில் மோர் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்ப் பந்தல் கணக்கில் ஓட்டை என்று எழுதியவர்தானே நீங்கள். அது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

செந்தூல்காரன்:
ஆ, வந்துவிட்டது பந்தல். அதற்கும் டின் பாலுக்கும் என்ன சம்பந்தம்? கணக்கு கேட்டேன், இதுவரை காட்டவில்லை.

மளிகைக்கடைக்காரர்:
டின் பாலுக்குப் பதில் முட்டை வைத்திருக்கலாம். என் கடையிலேயே இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை. உடையும், உடையும் என்று ஒரே பல்லவி. ஒரு தட்டு முட்டைக்கு மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்துக் கயிறு கட்டினால் ஈப்போ வரைக்கும் போகும்.

ஆயர் ஈத்தாம் பையன்:
அண்ணே, நீங்கள் பேசலாமா? 2020 செப்டம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியபோது, கடையில் இருந்த பழைய மூட்டைக்கே மறுநாள் புது விலை போட்டது யார்? எங்கள் அம்மா அரைக் கிலோ வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

மளிகைக்கடைக்காரர்:
வாயை அளந்து பேசு. பழைய மூட்டை விற்ற காசில் புது மூட்டை எடுக்க முடியாது, அதுதான் வியாபாரம். கடன் புத்தகத்தில் அந்த வருடம் மட்டும் 40 குடும்பம். ஒருவர் வீட்டுக் கதவையும் நான் தட்டவில்லை.

பிறை அக்கா:
வெங்காயத்தை விடுங்கள். டின் பாலுக்கு வாருங்கள். 2018இல் யுனிசெஃப் கோலாலம்பூர் மலிவு அடுக்குமாடிகளில் ஆய்வு செய்து, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லை என்றது. மறு ஆண்டு நாட்டளவில் எடுத்த சுகாதார ஆய்விலும் 21.8. ஐந்தில் ஒரு பிள்ளை! இது கிருமி வருவதற்கு முன்னால். அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குத்தான் நீங்கள் சர்க்கரையும் வெள்ளை அரிசியும் மீகூனும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் படம் பிடித்தீர்கள். வயிறு நிறையும், சரி. எலும்பு வளருமா? பள்ளிக்கூடமும் மூடியது, கூடவே ஏழைப் பிள்ளைகளுக்கு அங்கே கிடைத்த இலவசச் சாப்பாடும் நின்றது. தொடக்கப்பள்ளி ஜூலையில்தான் திறந்தது. நான்கு மாதம் அந்த ஒரு வேளைக்கு ஈடு என்ன கொடுத்தீர்கள்? டின் பால்.

செந்தூல்காரன்:
பள்ளிக்கூடத்தையும் நான்தான் மூடினேனா? அக்கா, ஒன்று கேட்கிறேன், நீங்கள் அந்த மூன்று மாதத்தில் எத்தனை வீட்டுக்குப் போனீர்கள்? நாங்கள் 300 வீடு. என் மனைவி இரவு இரண்டு மணி வரை அரிசி அளந்து கட்டினாள், கை தோல் உரிந்தது. ஒரு தாத்தா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதார். அவரிடம் போய்க் கேளுங்கள், அது பாலா இல்லையா என்று.

பிறை அக்கா:
தாத்தாவுக்குக் கோப்பியில் ஊற்ற அது போதும். நான் இரண்டரை வயதுப் பிள்ளையைச் சொல்கிறேன். நான் எத்தனை வீட்டுக்குப் போனேன் என்று கேட்கிறீர்களே, எங்கள் மாடியில் ஒன்பது வீடு, ஒன்பதுக்கும் கீழே நின்ற முருங்கை மரத்திலிருந்து கீரை ஆய்ந்து கொடுத்தேன். படம் பிடிக்கவில்லை. கிளினிக்கில் அந்தப் பையனின் எடைக் கோட்டை நர்ஸ் பென்சிலால் காட்டியபோது நான் கூட இருந்தேன். கோடு ஏறாமல் படுத்துக் கிடந்தது.

பத்துமலை வாத்தியார்:
முருங்கைக்கீரை நல்ல யோசனைதான், ஆனால் கீரை மட்டும் கொடுத்தும் பிள்ளை வளராது. முட்டை, நெத்திலி, பருப்பு மூன்றும் வேண்டும். நெத்திலிக் கருவாடு குளிர்பெட்டி இல்லாமலே மாதக்கணக்கில் இருக்கும், வேனிலும் உடையாது. அப்புறம் அரிசியையும் பேச வேண்டும். நாம் சாப்பிடுவது முழுவதும் இங்கே விளைவதில்லை. 2020 மார்ச்சில் வியட்நாம் ஏற்றுமதியை நிறுத்தி வைத்தபோது...

செந்தூல்காரன்:
வாத்தியாரே, அப்போது இதை ஏன் வந்து சொல்லவில்லை? ஐந்து வருடம் கழித்து நெத்திலி, பருப்பு என்று எல்லாருக்கும் வாய் வருகிறது. 2021 ஜூலையில் சாப்பாட்டுக்கு உதவி வேண்டும் என்று சனங்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டினார்களே, அன்றைக்கும் ஓடியது நாங்கள்தான். ஒரு கொடியைக் கூட நாங்கள் தாண்டிப் போகவில்லை.

பிறை அக்கா:
வெள்ளைக் கொடி கட்டினார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் பட்டினி இருந்தது.

செந்தூல்காரன்:
அது 2021. நான் சொன்னது 2020.

பிறை அக்கா:
நேற்று நீங்கள் எழுதியது "எம்.சி.ஓ. காலத்தில்". வருடம் போடவில்லை. சரி, அதை விடுங்கள். அடுத்த முறை பட்டியல் எழுதும்போது அந்த டின்னுக்கு நேரே பால் என்று எழுதுவீர்களா, மாட்டீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள்.

செந்தூல்காரன்:
எழுதுவேன். பந்தல் கணக்கை நீங்கள் காட்டும் வரைக்கும் எழுதுவேன்.

ஆயர் ஈத்தாம் பையன்:
அண்ணே, பிள்ளை சாப்பாட்டில் பந்தல் கோபத்தைக் காட்டாதீர்கள்.

மளிகைக்கடைக்காரர்:
தம்பி, நீ முதலில் வெங்காயத்துக்குப் பதில் சொல். உன் அம்மா அன்றைக்கு வாங்கியது அரைக் கிலோ இல்லை, ஒரு கிலோ. புத்தகத்தில் இருக்கிறது.