கலைச்சொல்: மத வன்முறைச் செய்திகளில் 'சர்ச்சைக்குரிய' வேண்டாம், 'மறுப்புள்ள' போதும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடுவே நடந்ததாகச் சொல்லப்படும் வன்முறை பற்றிச் செய்தி வருகிறது. ஒரு தரப்பு சொல்வதை மறுதரப்பு இல்லை என்கிறது. இந்த வகைச் செய்தியை ஆங்கிலத்தில் 'டிஸ்பியூட்டட் ரிப்போர்ட்' என்கிறார்கள், தமிழில் என்ன சொல்வது என்று கிள்ளான் டீச்சர் கேட்டிருந்தார். இதுவரை குழுவில் மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: சர்ச்சைக்குரிய செய்தி, பிணக்குச் செய்தி, ஐயச்செய்தி. மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில். மலாய், ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் சுருக்கி எங்கள் வாசகர் வட்டத்துக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புகிறேன். அந்த வட்டத்தில் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த இந்துக் குடும்பங்கள் உண்டு, கத்தோலிக்கர்கள் உண்டு, தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம்களும் உண்டு. ஒரே செய்தியை எல்லாரும் ஒரே நேரத்தில் படிக்கிறார்கள். நைஜீரியாவிலோ இந்தோனேசியாவின் அம்போனிலோ நடந்ததற்கு நான் போடும் ஓர் அடைமொழி, மறுநாள் கோப்பிக்கடையில் யார் முகத்தை யார் பார்க்கத் தயங்குவார்கள் என்பது வரை போகும். அதனால் இந்தச் சொல் சரியாக அமைய வேண்டும் என்று எனக்கு மிகுந்த அக்கறை இருக்கிறது.

முதலில் 'சர்ச்சைக்குரிய'. நாளிதழ்களில் ஏற்கெனவே புழங்குகிறது, எல்லாருக்கும் புரியும், அதை ஏன் மாற்ற வேண்டும் என்று பினாங்கு ஐயா கேட்கிறார். புரிகிறது என்பது உண்மைதான். ஆனால் என்னவென்று புரிகிறது? சர்ச்சைக்குரிய பேச்சு, சர்ச்சைக்குரிய படம் என்று படித்துப் பழகியவர்கள் நாம். அந்தச் சொல் வந்ததும் பேசியவர் மீதும் படம் எடுத்தவர் மீதும் ஒரு குற்றச்சாயல் விழுந்துவிடுகிறது. இப்போது 2010 மார்ச் மாதம் நைஜீரியாவின் ஜோஸ் நகருக்குப் பக்கத்தில் டோகோ நஹாவா கிராமத்தில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பெரோம் இனக் கிறிஸ்தவர்கள் விடியுமுன் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மாநில அதிகாரிகள் 500 பேர் இறந்ததாகச் சொன்னார்கள், காவல்துறை 109 என்றது. அங்கே கொலை நடந்ததை யாரும் மறுக்கவில்லை. மறுக்கப்பட்டது எண் மட்டுமே. இதைச் 'சர்ச்சைக்குரிய படுகொலை' என்று எழுதினால், படிப்பவர் மனதில் கொலையே நடந்ததா என்ற கேள்வி எழும். இறந்த ஒருவரையும் இல்லாமல் ஆக்கும் உரிமை நமக்குக் கிடையாது.

அதே ஜோஸ் வட்டாரத்தில், இதற்கு ஏழெட்டு வாரங்களுக்கு முன்னால் குரு கராமா என்ற ஊரில் கொல்லப்பட்டவர்கள் முஸ்லிம்கள். உடல்களைக் கிணறுகளிலிருந்து எடுத்தார்கள். நான் கவனித்த வரையில் நம் புலனக் குழுக்களில் ஒரு பக்கத்தார் ஜனவரியை மட்டும் அனுப்புகிறார்கள், இன்னொரு பக்கத்தார் மார்ச்சை மட்டும் அனுப்புகிறார்கள். எதிர்த்தரப்பு அனுப்பியது 'சர்ச்சைக்குரியது' என்று இருவருமே சொல்கிறார்கள். அந்தச் சொல் இப்படித்தான் பயன்படுகிறது.

'பிணக்குச் செய்தி' காதுக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் பிணக்கு எங்கே இருக்கிறது என்பது அதில் தெரியவில்லை. ஊரில் நடந்த பிணக்கைப் பற்றிய செய்தியா, செய்தியைப் பற்றிய பிணக்கா? மதக் கலவரச் செய்தியில் இரண்டும் ஒன்றாக இருப்பதால் குழப்பம் உறுதி. வேறு துறையில் பயன்படலாம், இங்கே ஆகாது.

'ஐயச்செய்தி' பற்றி ஈப்போ அண்ணன் நல்ல விளக்கம் எழுதியிருந்தார். ஆனாலும் ஐயம் என்பது படிப்பவரின் மனநிலை. எனக்கு ஐயம் வரலாம், உங்களுக்கு வராமல் போகலாம். மறுப்பு அப்படி இல்லை. அது ஒருவர் செய்த செயல். யார் மறுத்தார், எப்போது மறுத்தார், எதை மறுத்தார் என்று கேட்க முடியும், பதிலும் கிடைக்கும். 'ஐயச்செய்தி' என்று முத்திரை குத்திப் பழக்கினால் வாசகர் எல்லாவற்றையும் சந்தேகிக்கத் தொடங்குவார், அப்புறம் தன் தரப்புச் செய்தியை மட்டும் நம்புவார்.

ஆகவே என் முன்மொழிவு: 'மறுப்புள்ள'. இதைச் செய்தி என்ற சொல்லோடு ஒட்ட வேண்டாம் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வருவது. செய்திக்குள் எந்தப் பகுதி மறுக்கப்படுகிறதோ அதோடு ஒட்டுங்கள். மறுப்புள்ள எண். மறுப்புள்ள காரணம். மறுப்புள்ள நிகழ்வு. யார் செய்தார்கள் என்பதில் தகராறு என்றால் மறுப்புள்ள பொறுப்பு.

காரணம் என்ற பகுதிதான் இவற்றில் மிகவும் சிக்கலானது. 2025 அக்டோபர் 31 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப், நைஜீரியாவில் கிறிஸ்தவர்கள் அழிக்கப்படுகிறார்கள் என்று சொல்லி, அந்த நாட்டை மதச் சுதந்திரம் தொடர்பான கவலைக்குரிய நாடுகளின் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தார். நைஜீரிய அரசு அதை ஏற்கவில்லை, வன்முறையில் இரு மதத்தாரும் சாகிறார்கள் என்றது. இதில் மறுப்புள்ளது எது? நடு நைஜீரியாவில் கிறிஸ்தவ விவசாயக் கிராமங்கள் தாக்கப்படுவது உண்மை. வடமேற்கில் கொள்ளைக் கும்பல்களிடம் சாகிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்பதும் உண்மை. 2009 முதல் போகோ ஹராம் என்ற ஆயுதக் குழு தேவாலயங்களையும் தாக்கியிருக்கிறது, பள்ளிவாசல்களையும் தாக்கியிருக்கிறது. மேய்ச்சல் நிலம், தண்ணீர், யார் மண்ணின் மைந்தர் என்ற பழைய வழக்கு எல்லாம் மதத்தோடு பின்னிக் கிடக்கின்றன. ஆக மறுப்புள்ளது நோக்கமும் பெயரும்: இது மதத்தின் பேரால் திட்டமிட்டு நடக்கும் இன அழிப்பா இல்லையா என்பது. அப்போது 'நைஜீரியா: மறுப்புள்ள நோக்கம்' என்று தலைப்பிட்டு எழுதினேன். கத்தோலிக்கர் ஒருவரும் கடைக்கார பாய் ஒருவரும் தனித்தனியாக என்னிடம் விவரம் கேட்டார்கள். இரண்டு பேரும் கோபமாக இல்லை. இந்தச் சொல்லின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அதற்குப் பிறகுதான்.

அம்போன் நமக்கு இன்னும் பக்கம். மொழியும் ஏறக்குறைய நம் காதில் விழும் மொழி. 1999 ஜனவரி 19, நோன்புப் பெருநாள் அன்று ஒரு கிறிஸ்தவ வேன் ஓட்டுநருக்கும் ஒரு முஸ்லிம் பயணிக்கும் நடந்த தகராறில் தொடங்கியதாகச் சொல்லப்படும் கலவரம் மலுக்கு தீவுகள் முழுக்கப் பரவி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 2002 பிப்ரவரியில் மாலினோ அமைதி உடன்பாடு வரும்வரை ஓயவில்லை. முதலில் கை வைத்தது யார் என்பதில் இரு தரப்புக்கும் இரண்டு கதைகள். அது மறுப்புள்ள தொடக்கம். 2011 செப்டம்பரில் அதே ஊரில் ஒரு முஸ்லிம் மோட்டார்சைக்கிள் வாடகை ஓட்டுநர் இறந்தார். காவல்துறை விபத்து என்றது. கிறிஸ்தவர்கள் கொன்றுவிட்டார்கள் என்று குறுந்தகவல் பறந்தது, மறுபடியும் வீடுகள் எரிந்தன. அந்தச் சமயத்தில் போதகர் ஜாக்கி மனுபுட்டியும் அவருடைய முஸ்லிம் நண்பர்களும் 'அமைதியைத் தூண்டுவோர்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு ஒரு வேலை செய்தார்கள். இன்ன தேவாலயம் எரிகிறது, இன்ன பள்ளிவாசல் எரிகிறது என்று தகவல் வந்தால் அந்த இடத்துக்கே யாரையாவது அனுப்பி, பார்த்து, படம் எடுத்து, இல்லை என்றால் இல்லை என்று உடனே பரப்பினார்கள். செய்தியை மொத்தமாக நம்பாதே என்று அவர்கள் சொல்லவில்லை. எந்தக் கட்டடம், இப்போது என்ன நிலை என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டார்கள். நம் சொல்லும் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

எங்கே இந்தச் சொல் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2006 நவம்பர் 5, ஈப்போ சிலிபின் லூர்து மாதா கோயில். முஸ்லிம்களுக்கு அங்கே திருமுழுக்கு கொடுக்கப் போகிறார்கள் என்று குறுந்தகவல் பரவி, நூற்றுக்கணக்கானோர் கோயிலுக்கு வெளியே திரண்டார்கள். உள்ளே நடந்தது புதுநன்மை, அதாவது கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை பெறும் சடங்கு. பிள்ளைகள் பெரும்பாலும் நம் இந்தியப் பிள்ளைகள். காவல்துறை வந்து கூட்டத்தைக் கலைத்தது, பெரிய அசம்பாவிதம் நடக்கவில்லை. அந்தக் குறுந்தகவலை 'மறுப்புள்ள செய்தி' என்று எழுதுவது பெரும் பிழை. அது பொய்ச்செய்தி. பொய் என்று தெரிந்த பிறகு அதற்கு இரு தரப்பு இருப்பதுபோல் காட்டக் கூடாது.

இன்னொன்று இலங்கை. 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளில் இறந்தோர் 359 என்று முதலில் அறிவித்தார்கள். சில நாளில் அரசே அதை ஏறத்தாழ 253 ஆகக் குறைத்தது. உடல்கள் சிதறியிருந்ததால் எண்ணுவதில் பிழை நேர்ந்தது என்றார்கள். கொச்சிக்கடையிலும் மட்டக்களப்பிலும் நம் தமிழர்கள் பலர் இறந்த நிகழ்வு அது. எண் மாறியது, ஆனால் மறுத்தவர் யாரும் இல்லை. அது 'திருத்திய எண்', அவ்வளவுதான். திருத்திய எண்ணையும் மறுப்புள்ள எண்ணையும் கலந்தால், பாருங்கள், எண்ணிக்கையிலேயே பொய் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வருவார்.

அப்புறம், மறுப்பு தீர்ந்தால் அடைமொழியை எடுத்துவிட வேண்டும். 'அல்லா' என்ற சொல்லைக் கத்தோலிக்கர்களின் ஹெரால்டு வார இதழ் பயன்படுத்தலாம் என்று 2009 டிசம்பர் 31 அன்று மலேசிய உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, 2010 ஜனவரியில் தேவாலயங்கள் தாக்கப்பட்டன. இங்கே பேராக்கில் தைப்பிங் ஆல் செயிண்ட்ஸ் தேவாலயமும் தப்பவில்லை. யார் செய்தார்கள் என்பது முதலில் வாய்க்கு வந்தபடி பேசப்பட்டது. கோலாலம்பூர் டேசா மெலாவாத்தி தேவாலயத்துக்குத் தீ வைத்த வழக்கில் நீதிமன்றம் இருவரைத் தண்டித்தது. அதற்குப் பிறகும் அந்த வழக்கில் 'மறுப்புள்ள பொறுப்பு' என்று எழுதிக்கொண்டிருக்க முடியாது.

தலைப்புக்கு நீளமாக இருக்கிறது, 'மறுப்பெண்' என்று சுருக்கலாமா என்று பினாங்கு ஐயா தனிமடலில் கேட்டார். வேண்டாம் ஐயா. புணர்ச்சி சரிதான், ஆனால் படிப்பவர் அதில் பெண்ணைத்தான் பார்ப்பார். சாவு எண்ணிக்கையைச் சொல்லும் இடத்தில் அந்தத் தடுமாற்றம் கூடாது. பிரித்தே எழுதுவோம்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து

---

கிள்ளானிலிருந்து பதில்:

சார், வணக்கம். பகுதியோடு ஒட்ட வேண்டும் என்பதை முழு மனதோடு ஏற்கிறேன். என் பயம் வேறு. மறுப்பது சுலபம். செய்தவனே மறுப்பான். 2011 அக்டோபர் 9, எகிப்தின் கெய்ரோவில் அரசுத் தொலைக்காட்சி நிலையம் இருக்கும் மாஸ்பெரோ. காப்டிக் கிறிஸ்தவர்களின் ஊர்வலத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கவச வண்டிகள் கூட்டத்தின் மேல் ஏறியதைக் காட்டும் காணொளி இருந்தது. அரசுத் தொலைக்காட்சியோ அன்று மாலை படைவீரர்கள் தாக்கப்படுவதாகச் சொல்லி, மக்களே வந்து படையைக் காப்பாற்றுங்கள் என்றது. வேண்டுமென்றே ஏற்றவில்லை என்று ராணுவம் மறுத்தது. உங்கள் விதிப்படி இதற்கும் 'மறுப்புள்ள' போட வேண்டும். அப்படிப் போட்டால் துப்பாக்கி வைத்திருப்பவன் ஒரு வரி அறிக்கை விட்டே எல்லாச் சாவையும் மங்கலாக்கிவிடுவான். இதற்கு வழி சொல்லுங்கள், அப்புறம் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

---

சுங்கை சிப்புட்டிலிருந்து:

டீச்சர், நீங்கள் சொன்னது சரி. இதற்கு விதியில் இடம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

மறுப்பவர் தன் பக்கத்துச் சான்று ஒன்றைக் காட்ட வேண்டும்: வேறொரு எண், வேறொரு சாட்சி, மருத்துவமனைப் பதிவு, ஏதாவது ஒன்று. டோகோ நஹாவாவில் காவல்துறை 109 என்று ஓர் எண்ணைத் தந்தது. அந்த எண் குறைவாகவே இருக்கலாம், ஆனாலும் அதைச் சோதிக்க முடியும். அது அடைமொழிக்குத் தகும். மாஸ்பெரோவில் வண்டி ஏறியது கண்ணுக்குத் தெரிந்தது, ஆகவே நிகழ்வுக்கு அடைமொழி கிடையாது. வேண்டுமென்றே ஏற்றினார்களா என்பதற்கு மட்டும், அதையும் அடைமொழி இல்லாமல், 'ராணுவம் இதை மறுக்கிறது' என்று வினையாக எழுதுவோம். வினையாக எழுதும்போது எழுவாய் கட்டாயம் வந்துவிடும், மறுத்தது யார் என்பது மறையாது.

சொற்பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்:

மறுப்புள்ள (பெயரடை): ஒரு செய்தியின் குறிப்பிட்ட பகுதியை, பெயர் தெரிந்த ஒரு தரப்பு, தன் சான்றைக் காட்டி மறுக்கும்போது அந்தப் பகுதிக்கு முன் வருவது. எண், காரணம், நோக்கம், தொடக்கம், பொறுப்பு, நிகழ்வு ஆகியவற்றோடு வரும். 'செய்தி' என்ற சொல்லோடு வராது. மறுப்பவர் யார் என்பது அடுத்த வாக்கியத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டும். சான்றில்லாத மறுப்புக்கு 'மறுக்கிறார்' என்ற வினையே போதும். பொய் என்று தெளிந்ததற்கும், அறிவித்தவரே திருத்தியதற்கும் பொருந்தாது.

பினாங்கு ஐயாவுக்கு 'நிகழ்வு' என்ற இடத்தில் 'சம்பவம்' வேண்டும் என்றால் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஈப்போ அண்ணன் வெள்ளிக்கிழமைக்குள் ஒருமுறை பார்த்துவிட்டால், அடுத்த திருத்தத்தில் ஏற்றிவிடலாம்.